டேனிஷ் வாக்கியம் கட்டுவது எப்படி: தமிழ் பேசுபவர்களுக்கான தொடக்க வழிகாட்டி

டேனிஷ் கற்கத் தொடங்குகிறவர்கள் முதலில் உச்சரிப்பைக் கண்டு மிரள்கிறார்கள். மிரளக்கூடியதுதான், எழுதியிருப்பது ஒன்று, காதில் விழுவது இன்னொன்று. ஆனாலும் உச்சரிப்பை நாள்பட நாள்படக் காது பிடித்துக்கொள்ளும். வாக்கிய அமைப்பு அப்படித் தானாக வராது. அதை உட்கார்ந்து ஒருமுறை புரிந்துகொள்ள வேண்டும், புரிந்துவிட்டால் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னது.

தமிழில் யார் பார்த்தார், யாரைப் பார்த்தார் என்பதை உருபும் விகுதியும் சொல்லிவிடும். ‘பீட்டர் அன்னாவைப் பார்க்கிறான்’ என்றாலும் ‘அன்னாவைப் பீட்டர் பார்க்கிறான்’ என்றாலும் பார்ப்பவன் பீட்டர்தான். சொற்களை இஷ்டத்துக்கு மாற்றிப் போடலாம், ‘ஐ’ உருபு காப்பாற்றும். டேனிஷில் பெயர்ச்சொற்களுக்கு அப்படி ஓர் உருபு கிடையாது. ‘பீட்டர் சேர் அன்னா’ என்றால் பீட்டர் அன்னாவைப் பார்க்கிறான். ‘அன்னா சேர் பீட்டர்’ என்றால் கேட்பவர் அன்னாதான் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொள்வார். உருபு செய்யவேண்டிய வேலையைச் சொல் நிற்கும் இடம் செய்கிறது. அதனால் டேனிஷ் இலக்கணத்தில் பாதிக்கு மேல் ‘எது எங்கே நிற்கும்’ என்ற கேள்விக்கான பதில்தான்.

ஒரு முன்குறிப்பு. டேனிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவில் ஒரு சமரசம் இது, பிறகு டேனிஷ் எழுத்தில் பார்க்கும்போது அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காக. டேனிஷின் சில உயிரொலிகளுக்குத் தமிழில் எழுத்தே இல்லை. ஆகவே சொல் வரிசைக்கு இதை நம்புங்கள், உச்சரிப்புக்கு ஒலிப்பதிவைக் கேளுங்கள்.

முதல் படி: வினைக்கு இரண்டாம் இடம்

சில சொற்களை வைத்துக்கொள்வோம். ‘யை’ என்றால் நான். ‘ட்ரிக்கர்’ என்றால் குடித்தலின் நிகழ்கால வடிவம். ‘கஃபெ’ காபி. ‘நூ’ இப்போது. ‘இ அஃப்டன்’ இன்று மாலை.

யை ட்ரிக்கர் கஃபெ.
நான் காபி குடிக்கிறேன்.

தமிழில் கடைசியில் வரும் வினை இங்கே நடுவில் வந்துவிட்டது. ‘எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை, ஆங்கிலம் மாதிரி’ என்று பலர் இதோடு முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ‘இப்போது நான் காபி குடிக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

நூ ட்ரிக்கர் யை கஃபெ.

‘நூ யை ட்ரிக்கர் கஃபெ’ என்பது தவறு. முன்னால் ‘நூ’ வந்து உட்கார்ந்ததும் ‘யை’ எழுந்து வினைக்குப் பின்னால் போய்விட்டது. வினை அசையவில்லை. விதி ஒரே வரி: சாதாரண முதன்மை வாக்கியத்தில் வினை எப்போதும் இரண்டாம் இடத்தில். முதல் இடத்தில் எழுவாய் வரலாம், நேரம் வரலாம், இடம் வரலாம், செயப்படுபொருள்கூட வரலாம், ஆனால் ஏதாவது ஒன்றுதான் வரமுடியும்.

இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் இல்லை. ‘இ அஃப்டன்’ இரண்டு சொல், ஆனாலும் ஒரே உறுப்பு. ‘இ அஃப்டன் ட்ரிக்கர் யை கஃபெ’ என்பதில் வினை மூன்றாவது சொல்லாக இருந்தாலும் இரண்டாம் உறுப்பு. ‘கோபன்ஹேகனில் இருக்கும் என் அக்காவின் வீட்டில்’ என்று எவ்வளவு நீளமாக ஆரம்பித்தாலும் அதெல்லாம் சேர்ந்து ஒன்று, அடுத்தது வினை.

தமிழர்களுக்கு இந்த விதி கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் நேரத்தையும் இடத்தையும் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்போம். ‘நாளைக்கு நான்…’, ‘ஊர்ல எங்க…’ என்றுதான் வாய் திறக்கும். டேனிஷிலும் அப்படி ஆரம்பிக்கலாம், அவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த முதல் துண்டு முடிந்ததும் வாயில் வரவேண்டியது வினை. ‘நாளைக்கு’ என்று மனம் தொடங்கும்போதே வினையைத் தயாராக வைத்துக்கொள்ளப் பழகவேண்டும்.

இரண்டாம் படி: எழுவாயை விடாதீர்கள்

இது சுலபமான பகுதி, ஒரு பொறியோடு.

டேனிஷ் வினை ஆளுக்கு ஆள் மாறாது. யை ட்ரிக்கர், டு ட்ரிக்கர், ஹன் ட்ரிக்கர், ஹுன் ட்ரிக்கர், வீ ட்ரிக்கர், ஈ ட்ரிக்கர், டீ ட்ரிக்கர். நான், நீ, அவன், அவள், நாங்கள், நீங்கள் (பலர்), அவர்கள் என எல்லாருக்கும் ஒரே ‘ட்ரிக்கர்’. குடிக்கிறேன், குடிக்கிறாய், குடிக்கிறான், குடிக்கிறார்கள் என்று மனப்பாடம் செய்யும் வேலை இல்லை. நாம்/நாங்கள் வேறுபாடும் கிடையாது, இரண்டுக்கும் ‘வீ’தான்.

பொறி இதுதான்: வினையில் ஆள் தெரியாததால் எழுவாயைச் சொல்லியே ஆகவேண்டும். தமிழில் ‘வந்தேன்’ என்றால் போதும். டேனிஷில் வெறுமனே ‘கொம்’ என்றால் யார் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ‘யை கொம்’ என்று முழுதாகச் சொல்லவேண்டும்.

சொல்ல ஆளே இல்லாத இடத்திலும் எழுவாய் வேண்டும் என்பது இதன் நீட்சி. மழை பெய்கிறது என்பதற்கு ‘டே ரைனர்’. இங்கே ‘டே’ என்பது ‘அது’, ஆனால் எதையும் குறிக்கவில்லை, இடத்தை நிரப்பவே நிற்கிறது. ‘ஒரு கார் நிற்கிறது’, ‘இரண்டு வீடு இருக்கிறது’ என்று புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்தும்போது அந்த வேலையை ‘டேர்’ செய்யும்: டேர் எர் டோ ஹூஸ (இரண்டு வீடுகள் இருக்கின்றன).

‘எர்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘இது வீடு’, ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடிந்துவிடும். டேனிஷில் முடியாது. ‘டே எர் எட் ஹூஸ்’ (இது ஒரு வீடு) என்று ‘எர்’ உள்ளே வந்தே தீரவேண்டும். இரண்டாம் இடம் காலியாக இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

‘எனக்கு’ என்று ஆரம்பிக்கும் தமிழ் வாக்கியங்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றவும் வேண்டாம். எனக்குப் பசிக்கிறது என்பது ‘யை எர் சூல்டன்’, அதாவது நான் பசியோடு இருக்கிறேன். எனக்கு இரண்டு குழந்தைகள் என்பது ‘யை ஹார் டோ போர்ன்’. ‘எனக்கு’, ‘என்னிடம்’ எல்லாம் பெரும்பாலும் ‘யை’ ஆகிவிடும்.

ஒரு சமூகக் குறிப்பு: ‘டு’ என்பதை ‘நீ’ என்று மேலே எழுதினேன், ஆனால் டென்மார்க்கில் ஆசிரியர், மருத்துவர், மேலதிகாரி என ஏறக்குறைய எல்லாரையும் ‘டு’ என்றுதான் அழைப்பார்கள். மரியாதைக்கு ‘டீ’ என்ற வடிவம் இருக்கிறது, அரச குடும்பத்தோடும் மிகச் சில முறையான சந்தர்ப்பங்களிலும்தான் கேட்கும். முதல் மாதத்தில் வயதானவரை ‘டு’ என்று சொல்ல நாக்கு கூசும். சொல்லுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கீழே உள்ள எடுத்துக்காட்டுகளில் ‘டு’வை ‘நீங்கள்’ என்றே தருகிறேன்.

மூன்றாம் படி: கேள்வி

தமிழில் ‘ஆ’ சேர்த்தால் கேள்வி. டேனிஷில் முதல் இடத்தைக் காலியாக விட்டு வினையிலிருந்து ஆரம்பித்தால் கேள்வி.

ட்ரிக்கர் டு கஃபெ? (காபி குடிப்பீர்களா?)
ஸ்கல் வீ ஸ்பீசெ? (சாப்பிடலாமா?)

எங்கே, என்ன, ஏன் போன்ற கேள்விச்சொல் இருந்தால் அது முதல் இடத்துக்குப் போகும், வினை வழக்கம்போல இரண்டாவது. வா ஹெதர் டு? (உங்கள் பெயர் என்ன?) வோர் போர் டு? (எங்கே வசிக்கிறீர்கள்?) வோர்ஃபோர் (ஏன்), வோர்நோர் (எப்போது), வோர்டன் (எப்படி), வெம் (யார்) எல்லாம் இதே போக்கில் போகும். ‘எங்கிருந்து’ என்பதை மட்டும் கவனியுங்கள்: வோர் கொமர் டு ஃப்ரா? ‘எங்கே’ முதலில், ‘இருந்து’ கடைசியில். இரண்டும் பிரிந்து நிற்கும்.

பதில் சொல்லும்போது ஆம் என்பதற்கு ‘யா’, இல்லை என்பதற்கு ‘நை’. மூன்றாவதாக ‘யோ’ ஒன்று இருக்கிறது. எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்கு மறுத்துச் சொல்லும் ‘ஆம்’ அது. ‘நீங்கள் காபி குடிப்பதில்லையா?’ என்று கேட்டால், தமிழில் ‘ஆமா’ என்றால் குடிப்பதில்லை என்றும் ஆகலாம், குடிப்பேன் என்றும் ஆகலாம். டேனிஷில் அந்தக் குழப்பமில்லை: குடிப்பேன் என்றால் ‘யோ’, குடிப்பதில்லை என்றால் ‘நை’.

நான்காம் படி: ‘இக்கெ’ எங்கே நிற்கும்?

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம். மேலே சொன்னது எல்லாம் இந்த ஒரு படத்துக்குள் வந்துவிடும்.

‘இக்கெ’ என்றால் இல்லை, எதிர்மறை. தமிழில் ‘குடிக்கவில்லை’, ‘குடிக்கமாட்டேன்’ என்று வினையோடு ஒட்டிக்கொள்கிறது. டேனிஷில் அது தனிச்சொல், அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தெரிந்துகொள்ள முழு வாக்கியத்தையும் பெட்டிபெட்டியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. டேனிஷ் மொழியியலாளர் பௌல் டிடரிக்சன் 1946-இல் வெளியிட்ட இலக்கணத்தில் இந்தப் பெட்டி முறையைத் தந்தார். டென்மார்க்கில் இலக்கணம் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பெட்டிகள் ஏழு:

முன்னிடம் | வினை | எழுவாய் | இக்கெ வகை | இரண்டாம் வினை | செயப்படுபொருள் | நேரம், இடம்

முன்னிடத்தில் எழுவாய் வந்துவிட்டால் மூன்றாம் பெட்டி காலி. இப்போது ‘இன்று மாலை நான் காபி குடிக்க விரும்பவில்லை’ என்பதை நிரப்பிப் பார்க்கலாம். ‘வில்’ என்பது விருப்பத்தைக் காட்டும் துணைவினை, ‘ட்ரிக்கெ’ என்பது ‘குடிக்க’.

யை | வில் | – | இக்கெ | ட்ரிக்கெ | கஃபெ | இ அஃப்டன்

நேரத்தை முன்னால் கொண்டுவருவோம்:

இ அஃப்டன் | வில் | யை | இக்கெ | ட்ரிக்கெ | கஃபெ | –

காபியை அழுத்திச் சொல்லவேண்டுமா? ‘காபியை நான் இன்று மாலை குடிக்க விரும்பவில்லை, வேறு ஏதாவது கொடுங்கள்’ என்ற தொனியில்:

கஃபெ | வில் | யை | இக்கெ | ட்ரிக்கெ | – | இ அஃப்டன்

கேள்வியாக்க முன்னிடத்தைக் காலியாக விடுங்கள்:

– | வில் | டு | இக்கெ | ட்ரிக்கெ | கஃபெ | இ அஃப்டன்?

நான்கு வாக்கியத்திலும் ‘வில்’, ‘இக்கெ’, ‘ட்ரிக்கெ’ மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மற்றவை முன்னிடத்துக்குப் போகும்போது தங்கள் பழைய பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போகின்றன. டேனிஷ் முதன்மை வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் இந்த ஏழு பெட்டிக்குள்தான் அடங்கும். ஒரு தாளில் கோடு போட்டு, செய்தித்தாளில் இருக்கும் வாக்கியங்களை எடுத்து இதில் நிரப்பிப் பாருங்கள். பத்து விதிகளைப் படிப்பதைவிட இது உபயோகம்.

‘இக்கெ’ பெட்டியில் வேறு சிலதும் வரும்: ‘அல்டீத்’ (எப்போதும்), ‘அல்ட்ரி’ (ஒருபோதும் இல்லை), ‘ஒஃப்டெ’ (அடிக்கடி), ‘ஒசெ’ (கூட), ‘கெர்னெ’ (விருப்பத்துடன்). கடையில் கேட்கும் வாக்கியம் இந்தக் கடைசிச் சொல்லை வைத்துத்தான்: யை வில் கெர்னெ ஹா என் கொப் கஃபெ. எனக்கு ஒரு கப் காபி வேண்டும் என்பதன் பணிவான வடிவம். ‘தயவுசெய்து’வுக்கு நேரான தனிச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ‘கெர்னெ’யும் கடைசியில் ஒரு ‘டக்’கும் (நன்றி) அந்த வேலையைச் செய்துவிடும்.

இதே பெட்டியில் வரும் சின்னச் சொல் ஒன்று தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். மேலே ‘ஆம்’ என்று பார்த்த அதே ‘யோ’ வாக்கியத்தின் நடுவிலோ பின்னாலோ வந்தால் நம் ‘தானே’. டே வேத் டு யோ: அதுதான் உங்களுக்குத் தெரியுமே. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதன் தொனியைப் பிடிக்கத் திணறுவார்கள்.

சின்ன விதிவிலக்கு ஒன்று. செயப்படுபொருள் ‘அவனை’, ‘அதை’ போன்ற சுட்டுப்பெயராக இருந்து, வாக்கியத்தில் ஒரே ஒரு வினைதான் இருக்கிறது என்றால், அந்தச் சுட்டுப்பெயர் ‘இக்கெ’யைத் தாண்டி முன்னால் வந்துவிடும்.

யை கெனர் இக்கெ பீட்டர். (எனக்குப் பீட்டரைத் தெரியாது.)
யை கெனர் ஹம் இக்கெ. (எனக்கு அவனைத் தெரியாது.)

துணைவினை வந்துவிட்டால் பழையபடி பெட்டி வரிசை: யை ஹார் இக்கெ சேத் ஹம் (நான் அவனைப் பார்க்கவில்லை). தொடக்கத்தில் இதில் தடுமாறினாலும் பரவாயில்லை, கேட்பவருக்கு அர்த்தம் புரியும்.

ஐந்தாம் படி: காலமும் துணைவினையும்

இதில் அதிகம் நிற்கத் தேவையில்லை. நிகழ்காலத்துக்கு ‘ர்’ ஒலி: ஸ்பீசர் (சாப்பிடுதல்), லேசர் (படித்தல்), சூக்லர் (சைக்கிள் ஓட்டுதல்). எதிர்காலத்துக்கும் இதே போதும். ‘நாளைக்குப் போறேன்’ என்று நாம் சொல்வதுபோல, நேரச்சொல்லைப் போட்டு நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

இறந்தகாலம் மூன்று வழியில் வரும். ‘எதெ’ சேர்வது ஒன்று: சூக்லெதெ. ‘டெ’ சேர்வது இன்னொன்று: ஸ்பீஸ்டெ, லேஸ்டெ. உள்ளே உயிரொலி மாறுவது மூன்றாவது: ட்ரிக்கர் என்பது ட்ராக் ஆகும். இந்த மூன்றாம் வகைதான் அன்றாடம் அதிகம் புழங்கும், அதனால் சொல்லைக் கற்கும்போதே அதன் இறந்தகாலத்தையும் சேர்த்துக் கற்றுவிடுங்கள். ‘சாப்பிட்டாயிற்று’ என்ற முற்றுநிலைக்கு ‘ஹார்’ துணைவரும்: யை ஹார் ஸ்பீஸ்ட். வருதல், போதல் போன்று இடமோ நிலையோ மாறுவதற்கு ‘எர்’ வரும்: ஹன் எர் கொமெத் (அவன் வந்துவிட்டான்).

கன் (முடியும்), வில் (விருப்பம்), ஸ்கல் (வேண்டும், போகிறேன்), மோ (லாம்) ஆகிய துணைவினைகளுக்குப் பின் மூலவினை அப்படியே வரும்: யை கன் டேலெ டன்ஸ்க் (எனக்கு டேனிஷ் பேசத் தெரியும்). வேறு வினைகளுக்குப் பின் இடையில் ‘அட்’ தேவைப்படும்: யை ப்ரோவர் அட் டேலெ டன்ஸ்க் (டேனிஷ் பேச முயல்கிறேன்). ‘மோ இக்கெ’ என்றால் கூடாது. கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவை 1962-இல் வாகனங்களுக்கு மூடி நடப்பவர்களுக்கு விட்டார்கள். அங்கே சைக்கிளில் ஏறினால் ‘டு மோ இக்கெ சூக்லெ ஹேர்’ என்று யாராவது சொல்லக்கூடும்: இங்கே சைக்கிள் ஓட்டக்கூடாது.

ஆறாம் படி: ‘என்’ சொல்லும் ‘எட்’ சொல்லும்

டேனிஷ் பெயர்ச்சொற்கள் இரண்டு பால். பொதுப்பால் சொற்களுக்கு முன்னால் ‘என்’ வரும்: என் பீல் (ஒரு கார்), என் அவீஸ் (ஒரு செய்தித்தாள்). இரண்டாவது வகையான அல்பாலுக்கு ‘எட்’: எட் ஹூஸ் (ஒரு வீடு). பெரும்பாலான சொற்கள் ‘என்’ வகை. எது எந்த வகை என்று பொருளை வைத்து ஊகிக்க முடியாது. நம் உயர்திணை, அஃறிணை போல நேராக அமையாது. குழந்தை ‘எட் பார்ன்’, அல்பால். நாமும் ‘குழந்தை அழுகிறது’ என்று அஃறிணையில்தானே சொல்கிறோம், இந்த ஒன்று மட்டும் பொருந்திப்போகிறது.

‘அந்தக் கார்’ என்று குறிப்பாகச் சொல்ல அந்த என், எட் இரண்டும் சொல்லின் வாலுக்குப் போகும்: பீலன், ஹூசத். ஆனால் நடுவில் பெயரடை வந்தால் வால் போய்விட்டு முன்னால் ‘டென்’ அல்லது ‘டே’ வரும்: டென் ஸ்டோரெ பீல் (அந்தப் பெரிய கார்), டே ஸ்டோரெ ஹூஸ் (அந்தப் பெரிய வீடு). இரண்டையும் சேர்த்து ‘டென் ஸ்டோரெ பீலன்’ என்று சொல்வது நார்வே, சுவீடன் பாணி, டேனிஷில் செல்லாது.

பெயரடையும் பாலுக்கு ஏற்ப மாறும்: என் ஸ்டோர் பீல், எட் ஸ்டோர்ட் ஹூஸ், பன்மையிலும் குறிப்பான சொல்லிலும் ஸ்டோரெ. தமிழில் ‘பெரிய’ எங்கேயும் ‘பெரிய’தான், ஆகவே அந்த ‘ட்’ நம் வாயிலிருந்து அடிக்கடி நழுவும். வாக்கியத்தின் கடைசியில் வந்தாலும் வேண்டும்: ஹூசத் எர் ஸ்டோர்ட் (வீடு பெரியது).

இதற்குக் குறுக்குவழி கிடையாது. ‘ஹூஸ்’ என்று தனியாக எழுதிவைக்காமல் ‘எட் ஹூஸ்’ என்றே எழுதி, அப்படியே சொல்லிப் பழகுங்கள். சந்தேகம் வந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘டென் டன்ஸ்கெ ஓர்ட்போ’ அகராதியைப் பாருங்கள். பால், பன்மை, காலவடிவம் எல்லாம் இருக்கும், பல சொற்களுக்கு ஒலிப்பதிவும் உண்டு.

ஏழாம் படி: ‘சின்’ என்றால் தன்

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் முட்டிமோதும் இடம் இது. தமிழ் தெரிந்தவருக்கு இனாம்.

ஹன் வாஸ்கர் சின் பீல். (அவன் தன் காரைக் கழுவுகிறான்.)
ஹன் வாஸ்கர் ஹன்ஸ் பீல். (அவன் வேறு ஒருவனுடைய காரைக் கழுவுகிறான்.)

‘தன்’ எங்கே வருமோ அங்கே சின். ‘அவன்’ என்று இன்னொருவனைச் சுட்டினால் ஹன்ஸ், அவளுடையது என்றால் ஹெனெஸ். உடைமைப்பொருள் ‘எட்’ சொல்லாக இருந்தால் சிட், பன்மையானால் சீனெ. எழுவாய்க்குள்ளே வரக்கூடாது என்பதும் தமிழைப் போலத்தான்: ‘ஹன் ஓ ஹன்ஸ் கோனெ போர் இ ஓர்ஹூஸ்’, அவரும் அவர் மனைவியும் ஓர்ஹூஸ் நகரில் வசிக்கிறார்கள். ‘அவரும் தன் மனைவியும்’ என்றால் நமக்கே காதில் உறுத்துகிறது அல்லவா? ஒரே வித்தியாசம்: எழுவாய் ‘அவர்கள்’ என்றால் சின் வராது, ‘டேரெஸ்’ வரும். ‘தங்கள்’ என்பதற்கும் ‘அவர்களுடைய’ என்பதற்கும் அங்கே ஒரே சொல்.

எட்டாம் படி: துணைவாக்கியம்

இதுவரை வந்தவர்கள் அன்றாடப் பேச்சைச் சமாளித்துவிடலாம். ‘ஏனென்றால்’, ‘என்று’, ‘பெய்தால்’, ‘வந்தபோது’ போன்றவை இல்லாமல் ஒரு மின்னஞ்சல்கூட எழுத முடியாது என்பதால் இதுவும் தேவை.

அட் (என்று), ஃபோர்டி (காரணம்), வெஸ் (ஆல்), நோர் (போதெல்லாம்), டா (அன்று ஒருமுறை நடந்தபோது) ஆகிய இணைப்புச்சொற்களில் ஆரம்பிக்கும் துணைவாக்கியத்தில் இரண்டாம் இட விதி வேலை செய்யாது. இணைப்புச்சொல், எழுவாய், இக்கெ, வினை என்ற வரிசை வரும். இக்கெ வினைக்கு முன்னால் போய்விடுகிறது.

ஹன் ட்ரிக்கர் இக்கெ கஃபெ. (அவன் காபி குடிப்பதில்லை.)
ஹன் சீர், அட் ஹன் இக்கெ ட்ரிக்கர் கஃபெ. (தான் காபி குடிப்பதில்லை என்கிறான்.)

கேள்வியை உள்ளே வைக்கும்போதும் வரிசை திரும்பாது. யை வேத் இக்கெ, வோர் ஹன் போர்: அவன் எங்கே வசிக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நேர்க்கேள்வி ‘வோர் போர் ஹன்?’, உள்ளே போனதும் ‘வோர் ஹன் போர்’.

பேச்சில் டேனிஷ்காரர்களே ‘ஃபோர்டி’க்குப் பின் முதன்மை வாக்கிய வரிசையில் பேசுவதைக் கேட்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு எழுத்துத் தேர்வில் அப்படி எழுதவேண்டாம். இதிலிருந்து தப்பிக்க ஒரு நேர்மையான வழி உண்டு: ‘ஃபோர்’ என்ற இணைப்புச்சொல். நம் ‘ஏனென்றால்’ போல அது முழு வாக்கியத்தைத் தொடங்கும், வரிசை மாறாது. எழுத்திலும் தவறாகாது.

துணைவாக்கியத்தை முன்னால் வைப்பது நமக்குப் பழக்கம்: ‘மழை பெய்தால் நான் வீட்டில் இருந்துவிடுவேன்.’ டேனிஷிலும் அப்படி வைக்கலாம். வைத்தால் அந்தத் துணைவாக்கியம் முழுவதும் முன்னிடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்தது வினை.

வெஸ் டே ரைனர், பிளீவர் யை யெமெ.

காற்புள்ளிக்கு இரு பக்கமும் வினை: ரைனர், பிளீவர். எழுதியதைச் சரிபார்க்க இதைவிட விரைவான அடையாளம் இல்லை, துணைவாக்கியம் குட்டையாக இருக்கும்வரை.

‘ஸோ’ என்ற சொல் இரண்டு வேலை செய்யும், வரிசைதான் எந்த வேலை என்று காட்டும். டே ரைனர், ஸோ யை பிளீவர் யெமெ: மழை பெய்கிறது, அதனால் வீட்டில் இருக்கிறேன். இங்கே வரிசை மாறவில்லை. ஃபொர்ஸ்ட் ஸ்பீசர் யை, ஸோ லேசர் யை அவீசன்: முதலில் சாப்பிடுகிறேன், அப்புறம் செய்தித்தாள் படிக்கிறேன். ‘அப்புறம்’ என்ற பொருளில் ஸோ முன்னிடத்தைப் பிடித்துக்கொள்வதால் வினை உடனே வருகிறது.

‘நான் வாங்கிய கார்’, ‘ஓர்ஹூஸில் வசிக்கும் பெண்’ போன்ற பெயரெச்சத்தொடரை டேனிஷில் பெயருக்குப் பின்னால் போட்டு ‘ஸொம்’ என்று இணைக்கவேண்டும். பீலன், ஸொம் யை கோப்டெ: நான் வாங்கிய கார். முதலில் கார், அப்புறம் விவரம். தமிழ் நினைப்பு விவரத்தை முன்னால் தள்ளும், கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இடத்தைக் காட்டும் சொற்கள் பெயருக்கு முன்னால் வரும்: இல் என்பதற்கு ‘இ’, மேல் என்பதற்கு ‘போ’. ஊர்களுக்கு ‘இ’, தீவுகளுக்குப் பெரும்பாலும் ‘போ’. போ போர்ன்ஹோல்ம், போ ஃபூன். கோபன்ஹேகன் இருக்கும் பெரிய தீவான ஷெலனுக்கும் போதான். நிலப்பகுதியோடு ஒட்டியிருக்கும் யூலனுக்கு மட்டும் ‘இ யூலன்’.

பயிற்சி

பெட்டிக்கோடு போட்ட தாளில் இவற்றை எழுதிப்பாருங்கள். விடையைப் பிறகு பாருங்கள்.

கோடையில் நாங்கள் போர்ன்ஹோல்மில் சைக்கிள் ஓட்டுவோம். (கோடையில்: ஓம் சொமரன்)
அவள் தன் வீட்டை இன்னமும் விற்கவில்லை என்பதில் ‘இன்னமும்’ விட்டுவிட்டு எழுதுங்கள். (விற்ற: ஸோல்ட்)
நேற்று ஏன் நீங்கள் வரவில்லை? (நேற்று: இ கோர்)
மழை பெய்யாவிட்டால் தோட்டத்தில் சாப்பிடுவோம். (தோட்டத்தில்: இ ஹேவன்)

விடைகள் இதே வரிசையில்:

ஓம் சொமரன் சூக்லர் வீ போ போர்ன்ஹோல்ம்.
ஹுன் ஹார் இக்கெ ஸோல்ட் சிட் ஹூஸ்.
வோர்ஃபோர் கொம் டு இக்கெ இ கோர்?
வெஸ் டே இக்கெ ரைனர், ஸ்பீசர் வீ இ ஹேவன்.

இரண்டாவதில் ‘சின்’ என்று எழுதியிருந்தால் ஆறாம் படிக்குத் திரும்பிப் போங்கள்: ஹூஸ் ‘எட்’ சொல். நான்காவதில் ‘வீ ஸ்பீசர்’ என்று வந்திருந்தால் எட்டாம் படியில் காற்புள்ளி பற்றிய பத்தியை இன்னொரு முறை படியுங்கள். தமிழில் ‘சாப்பிடுவோம்’ என்பதில் ‘நாங்கள்’ ஒளிந்திருக்கிறது. ‘வீ’ எங்கே என்று தேடி எழுதியிருந்தால் இரண்டாம் படி உங்களுக்கு ஏறிவிட்டது.